சேர்மனைப் பார்க்காத கேமரா

வடகரைத் தொழில்வள வாரியத்தின் சேர்மன் கிருஷ்ணப்பன் காலடிப்பேட்டையில் குடிநீர்த் தொட்டி ஒன்றைத் திறந்து வைத்தார். வாரியத்தின் புதுக் கேமராவில் எடுத்த படத்தில் தொட்டி இருந்தது, ரிப்பன் இருந்தது, சேர்மன் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு புகைமூட்டம் இருந்தது. புகைமூட்டத்துக்கு இரண்டடி பின்னால், கத்தரிக்கோல் தட்டை ஏந்தி நின்ற குணசுந்தரி மட்டும், இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம் என்கிற அளவுக்குத் தெளிவாக விழுந்திருந்தாள்.

குணசுந்தரி வாரிய அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவள். ஒப்பந்த வேலை, பதினான்கு வருடம். படத்தை எடுத்த பீம்ராவ் வாரியத்தின் புகைப்படக்காரன். அவனும் ஒப்பந்தம்தான், ஒன்பது வருடம். வியாசர்பாடியிலிருந்து அவனும், புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து அவளும் பேசின் பிரிட்ஜுக்கு வந்து ஒரே மின்சார ரயிலைப் பிடிப்பார்கள், திருவொற்றியூரில் இறங்குவார்கள். அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனைத் தம்பி என்பாள். நிரந்தர ஊழியர்கள் இருவரையும் ‘ஏம்ப்பா’, ‘ஏம்மா’ என்பார்கள்.

வாரியம் என்னதான் செய்கிறது என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஆல்பம் காட்டப்படும். தொட்டியில் தண்ணீர் வருகிறதா என்பது வேறு துறையின் கேள்வி, படம் வந்ததா என்பதுதான் வாரியத்தின் கேள்வி. கத்திவாக்கத்தில் ஒரே குழியில் ஆறு வருடம் ஆறு மரக்கன்று நட்டிருக்கிறார்கள். அந்தக் குழிக்குத்தான் வெளிச்சம் சரியாக விழும். ஆகவே, சேர்மன் மங்கலாக விழுந்த அன்று வாரியம் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் பொருள்.

ஒரு தடவை என்றால் கை நடுங்கியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அடுத்து தண்டையார்பேட்டை கண் சிகிச்சை முகாம். அங்கேயும் சேர்மன் புகை, குணசுந்தரி தெளிவு. அடுத்து எண்ணூரில் பேருந்து நிழற்குடை. அதிலும் அப்படியே. கண் சிகிச்சை முகாம் படத்தைப் பார்த்த ஒருவர், சேர்மனைத்தான் முதலில் பரிசோதித்திருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார்.

பீம்ராவ் செய்யாத வைத்தியம் இல்லை. லென்ஸைக் கழற்றி மாட்டினான். லென்ஸையும் கேமராவையும் மின்சாரத்தால் இணைக்கும் தங்கப் புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுசாக்கினான். யாரைத் தெளிவாக எடுப்பது என்று தானே தேடிக்கொள்ளும் ஆட்டோஃபோகஸில் ஒற்றைப் புள்ளி, பல புள்ளி, அகலம், குறுகல் எல்லாம் வைத்துப் பார்த்தான். தெளிவாக விழப்போகும் இடத்தைக் காட்டும் பச்சைக் கட்டம் சேர்மன் முகத்தில் விழுந்ததும் ஃபோகஸ் லாக் பொத்தானைக் கட்டைவிரல் வலிக்க அமுக்கிப் பிடித்தான். கட்டம் ஒரு கணம் மரியாதைக்கு அங்கே நிற்கும். பிறகு, கல்யாண வீட்டில் தெரிந்தவரைக் கண்டுவிட்ட ஆள்போல மெல்ல நழுவி, பின்னால் போய் குணசுந்தரியின் கண்ணில் உட்கார்ந்துகொள்ளும்.

கேமராவை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி ரமாபாயையும் மகள் ஷாலுவையும் நிற்க வைத்து எடுத்தான். இரண்டு பேரும் பளிச்சென்று விழுந்தார்கள். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு எடுக்கிற ஆளிடம்தான் என்று ரமாபாய் தீர்ப்புச் சொன்னாள். பீம்ராவுக்கும் அதில் பெரிய மறுப்பு இல்லை. கையேட்டைப் படித்துப் பார்க்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டான். கையேடு ஸ்டோர்ஸில் ‘புத்தகம் – 1’ என்று பதிவாகி பீரோவுக்குள் இருந்தது. புத்தகத்தை வெளியே எடுக்க நூலகர் கையெழுத்து வேண்டும். வாரியத்தில் நூலகம் கிடையாது.

மூன்றாவது படத்துக்கு மறுநாள் மக்கள் தொடர்பு மேலாளர் கருணாகரன் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் மூன்று படங்களும் வரிசையாக இருந்தன. அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பீம்ராவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

“மங்கலா தெரியறது சேர்மன் இல்ல பீம்ராவ், நிர்வாகம். நான் இருபத்தாறு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். யார் முன்னால நிக்கணும், யார் பின்னால நிக்கணும்னு முடிவு பண்றதுதான் என் வேலை. வேற எந்த வேலையும் நான் பார்த்ததில்ல, பார்க்கவும் மாட்டேன். ஒரு மெஷினு வந்து என் வரிசையை மாத்துதுன்னா, அப்ப நான் எதுக்கு?”

அந்தக் கேள்விக்குப் பதில் பீம்ராவுக்குத் தெரியும்.

அன்று மாலையே ‘தானியங்கிக் குவியப் பூட்டு இடர்ப்பாடு ஆய்வுக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் கருணாகரன். லென்ஸ் என்பது கண்ணாடி, கண்ணாடி என்பது ஜன்னல் சம்பந்தப்பட்டது என்பதால் கட்டடப் பொறியாளர் ஓர் உறுப்பினர். மர்மம் இருப்பதால் பாதுகாப்பு அதிகாரி இன்னோர் உறுப்பினர். கேமரா தடயப் பொருளாகிவிட்டது. அதைத் துணிப்பையில் போட்டு, அரக்கு உருக்கிச் சீல் வைத்தார்கள். கேமராவில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும்வரை கேமராவை யாரும் தொடக்கூடாது என்பது குழுவின் முதல் தீர்மானம்.

பீம்ராவ் வெறுங்கையோடு ராயபுரம் கல்மண்டபம் பக்கம் போனான். அங்கே சுஃபியான் கேமரா பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம்.

“இன்னா மாமு, கேமரா எங்க?”

“சீல் வெச்சுட்டாங்கடா.”

“பேஷண்ட்ட வூட்ல வுட்டுட்டு வந்து என்னிய ஊசி போடச் சொல்ற.”

கைபேசியில் இருந்த மூன்று படங்களையும் சுஃபியான் விரலால் விரித்து விரித்துப் பார்த்தான். டீ வந்தது, ஆறியது. மூன்றிலும் ஒரே அம்மாதான் தெளிவாக இருக்கிறார், யார் இவர் என்று கேட்டான். பெருக்குகிற அக்கா என்றான் பீம்ராவ். கேமரா வாங்கி முதன்முதலாக ஆன் செய்தபோது எதிரில் நின்றது யார் என்று சுஃபியான் அடுத்துக் கேட்டான்.

பீம்ராவ் ஆறிய டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

வாரியத்தில் ஒரு பழக்கம் உண்டு. சேர்மன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அவர் நிற்கப்போகிற இடத்தில் வேறு யாராவது நிற்க வேண்டும், வெளிச்சம் பார்க்க. அதிகாரிகள் நிற்க மாட்டார்கள். சேர்மன் இடத்தில் ஒரு மேலாளர் ஐந்து நிமிடம் நின்றாலும், அவருக்கு அந்த இடத்தின்மேல் கண் இருப்பதாக மேலே செய்தி போய்விடும். யாராலும் சந்தேகப்பட முடியாத ஒரே ஆள் குணசுந்தரி. ஆகவே பதினான்கு வருடமாக எல்லாச் சேர்மன்களின் இடத்திலும் அவள்தான் நின்றுவந்தாள். நின்று முடித்ததும் அந்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் பின்னால் போய்த் தட்டை எடுத்துக்கொள்வாள்.

இரண்டு வாரம் முன்பு புதுக் கேமரா வந்த அன்று கற்பூரம் காட்டி, சந்தனம் வைத்து, சேர்மன் இடத்தில் வழக்கம்போல குணசுந்தரியை நிறுத்தி, பீம்ராவ் அதை உயிர்ப்பித்தான். என்ன மொழி என்று அது கேட்டது, ஓகே. என்ன தேதி, ஓகே. அவன் விரல் மெனுவுக்குள் எங்கேயோ நுழைந்துவிட்டது. முகத்தைக் கட்டத்துக்குள் வை என்றது. வைத்தான். இந்த முகத்தைப் பதிவு செய்யவா என்றது. ஓகே. இவருக்கே முதலிடம் தரவா என்றது. அதற்கும் ஓகே. கேட்டதற்கெல்லாம் ஓகே போடுவதில் பீம்ராவுக்கு ஒன்பது வருடத் தேர்ச்சி இருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் ஒப்பந்தத் தாள் வரும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்த ஒரே ஆள் இப்போது வேலையில் இல்லை.

“அது இன்னா பண்ணும் பாவம்? இவுங்கதான் சேர்மன்னு நீ கைகாட்டிக்கீற. அதுவும் நம்பிகினு விசுவாசமா கீது,” என்றான் சுஃபியான். “மெனுவுல போய் அந்த மூஞ்சிய அழிச்சுடு. அஞ்சு செகண்டு வேலை.”

இரண்டு வாரத்தில் முதல் தடவையாக பீம்ராவ் அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் கருணாகரன் முன்னால் போய் நின்று, தப்பு தன்னுடையது என்றும், ஐந்து நொடியில் தீர்ந்துவிடும் என்றும் சொன்னான். கருணாகரன் பேனாவை மூடி வைத்தார்.

“அப்ப ரெண்டு வாரமா வாரியத்தோட கேமரா, பெருக்கற அம்மாவைச் சேர்மன்னு நினைச்சிட்டிருந்திருக்கு. இதை நான் ஃபைல்ல எழுதணும். எழுதினா சேர்மன் படிப்பார். படிச்சா, ரெண்டு வாரமா நீ என்னய்யா பண்ணினேன்னு என்னைக் கேப்பார். சரி, அதை விடு. பதிவை யார் நீக்க முடியும்? பதிவு செஞ்ச அதிகாரி. பதிவு செஞ்சது நீ. நீ அதிகாரியா?”

“இல்ல சார்.”

“அதிகாரி செய்யாத பதிவு, பதிவே இல்ல. இல்லாத பதிவை எப்படி நீக்க முடியும்?”

பீம்ராவின் வாக்குமூலம் ‘இயக்குபவரின் தனிப்பட்ட நம்பிக்கை’ என்ற தலைப்பில் கோப்பில் சேர்க்கப்பட்டது.

வியாழக்கிழமை கூட்ட அரங்கில் சோதனை நடந்தது. சீலை உடைக்கும்போது மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரிகள் பதவி வரிசைப்படி ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் வந்து நின்றார்கள், குணசுந்தரி பின்னால் நின்றாள். ஒவ்வொரு தடவையும் பச்சைக் கட்டம் அதிகாரியைக் கடந்து அவளிடம் போனது. அவளைத் தூணுக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். உடனே கட்டடப் பொறியாளர் அற்புதமாக விழுந்தார். அவர் முகத்தில் ஒரு பரவசம் வந்த நேரத்தில், முடிந்துவிட்டதா என்று கேட்க குணசுந்தரி தூணுக்கு வெளியே தலையை நீட்டினாள். பொறியாளர் மறுபடி புகையானார்.

குழு அவளை விசாரித்தது.

“நீங்க ஏம்மா இவ்வளவு தெளிவா விழறீங்க?” என்று கேட்டார் பாதுகாப்பு அதிகாரி.

“தெரியலியே சார். சும்மாதான் நின்னேன்.”

“நிக்கும்போது மனசுல என்ன நினைப்பீங்க?”

“இது எப்ப முடியும்னு சார்.”

‘நிகழ்ச்சிகளை முடிவுக்குக் கொண்டுவரும் எண்ணம் உண்டு’ என்று பதிவானது. முகத்துக்கு என்ன போடுகிறாள் என்ற கேள்விக்கு, பவுடர் என்றாள். எந்தப் பவுடர் என்பதை அறிய ஒரு துணைக் குழு போடலாமா என்று பேசினார்கள். நேரமின்மையால் கைவிட்டார்கள். பீம்ராவ் மூன்று முறை கை தூக்கினான். கேமரா இயக்குபவர் கேமராவைப் பற்றிப் பேசினால் நடுநிலை கெட்டுவிடும் என்று கருணாகரன் கையைக் கீழே போடச் சொன்னார்.

அறிக்கை இரண்டே வரியில் இருந்தது. குணசுந்தரி இருக்கும்போது இடர்ப்பாடு வருகிறது, இல்லாதபோது வருவதில்லை. ஆகவே அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் அவரது சேவை தேவையில்லை. அதுவரை எந்த நிகழ்ச்சியிலும் அவர் கேமராவுக்கு முப்பதடி தள்ளி நிற்க வேண்டும்.

அன்று மாலை ரயிலில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பீம்ராவ் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். 

“அப்ப அந்தப் பொட்டி என்னிய சேர்மன்னு நினைச்சுகினு கீதா?” என்று கேட்டாள் குணசுந்தரி. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கொருக்குப்பேட்டை வரைக்கும் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா விஷயம் தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தாள். வண்டி நின்று கிளம்பியபோது குணசுந்தரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சிரிச்சுட்டேன் தம்பி. ஆனா வேலை போச்சே. பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம். இன்னும் ரெண்டு வருசம் கீது.”

 அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டாவது வீடு போய்ச் சேர்ந்திருப்பான்.

இரண்டு நாள் அவன் இதையே யோசித்தான். எப்படிப் பார்த்தாலும் சுவர்தான் வந்தது. திருட்டுத்தனமாக அவள் முகத்தை அழித்துவிட்டால் கேமரா சரியாகும். ஆனால் அவளை முப்பதடி தள்ளியதால்தான் சரியானது என்று குழு எழுதும். அழிக்காமல் விட்டாலும், அவள் பக்கத்தில் இல்லாததால் கேமரா சரியாகவே எடுக்கும். குழு அதையேதான் எழுதும். கோளாறு தீர்ந்தால் அவள் வேலை போகும், தீராவிட்டாலும் போகும். அவள் சேர்மன் பக்கத்தில் நிற்கும்போதே சேர்மன் தெளிவாக விழ வேண்டும். வேறு வழி இல்லை.

சுஃபியானைக் கைபேசியில் பிடித்தான். சேர்மன் மூஞ்சியையும் பதிந்து முதலிடத்தில் போடு, அந்த அக்காவை இரண்டாவதாக வை என்றான் சுஃபியான். அந்த ஆள் நேராகப் பார்த்தபடி நாலு செகண்டு ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முப்பதாம் தேதி எண்ணூரில் வாரியத்தின் வெள்ளி விழா. குணசுந்தரிக்குக் கடைசி நாள். பந்தலுக்கு வெளியே, பாதுகாப்பு அதிகாரி நாடா வைத்து அளந்து போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். கேமராவைச் சீல் உடைத்து பீம்ராவ் கையில் கொடுத்தார்கள், இருபது நிமிடத்துக்கு.

முதல் சிக்கல் தட்டில் வந்தது. தட்டு பிடிக்க ஆள் இல்லை. துணை மேலாளர் தன் பதவிக்குத் தட்டு வராது என்றார். அவருக்குக் கீழே இருந்தவர், பதவி உயர்வு வரும் நேரத்தில் தட்டோடு தன்னைப் பார்த்துவிடக்கூடாது என்றார். தட்டு கை மாறிக் கை மாறி, கடைசியில் கருணாகரன் கையிலேயே வந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு ஒரு தாளில், ‘தட்டு ஏந்தும் பொருட்டு மட்டும், சிறப்பு அனுமதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குணசுந்தரி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள்.

பீம்ராவ் ஓடினான். காரிலிருந்து இறங்கிய சேர்மன் முன்னால் கேமராவோடு நின்று, நாலு செகண்டு மட்டும் நேராகப் பார்க்கும்படி கேட்டான். அவன் குரல் அவனுக்கே பிச்சை கேட்பதுபோல ஒலித்தது.

“நாலு செகண்டா?” என்றார் சேர்மன், நடந்துகொண்டே. “நான் ஒரு ஃபைலுக்கே அவ்வளவு நேரம் குடுக்கறதில்லப்பா.”

மேடையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. குணசுந்தரி தட்டோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் நடக்கப் போவதில்லை என்று தெரிந்த முகம்.  அப்போதுதான் மேடை ஓரத்தில் ஒரு கிருஷ்ணப்பன் நேராகப் பார்த்தபடி, ஆடாமல், அசையாமல் நிற்பதைக் கண்டான். ஆறடி உயரக் கட்-அவுட். ஒட்டுப்பலகையில் ஒட்டிய ஃப்ளெக்ஸ். பதினைந்து வருடத்துக்கு முந்திய படம். தலை முழுக்கக் கறுப்பு மயிர், கன்னத்தில் இல்லாத ரோஜா நிறம்.

ஆளுக்கும் படத்துக்கும் கேமராவுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். முகத்தைக் கட்டத்துக்குள் வைத்தான். பதிவு செய்யவா, ஓகே. முதலிடமா, ஓகே. குணசுந்தரி இரண்டாம் இடத்துக்கு இறங்கினாள். அவளை அழிக்க விரல் வரவில்லை.

சேர்மன் ரிப்பன் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் குணசுந்தரி தட்டோடு நின்றாள். பீம்ராவ் பொத்தானை அமுக்கினான். பச்சைக் கட்டம் சேர்மனைத் தாண்டியது, குணசுந்தரியைத் தாண்டியது, நேரே போய்க் கட்-அவுட்டின் கண்ணில் உட்கார்ந்தது. வித்தியாசம் கேமராவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அது பதிந்துகொண்ட கிருஷ்ணப்பன் வேறு, ரிப்பன் வெட்டிய கிருஷ்ணப்பன் வேறு. திரும்பத் திரும்ப அமுக்கினான். இருபது படம். இருபதிலும் ஃப்ளெக்ஸ் தெளிவு, அதற்கு முன்னால் உயிரோடு இருந்த அத்தனை பேரும் புகை.

கருணாகரன் வந்து கேமராவின் திரையைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த ரத்தம் காலருக்குக் கீழே இறங்கியது. அதற்குள் சேர்மன் கையை நீட்டிக் கேமராவை வாங்கிவிட்டார். நாலு செகண்டுக்கு மேலேயே பார்த்தார்.

“இதுதான்யா நான்,” என்றார். “இத்தனை வருஷத்துல இப்பதான் ஒருத்தன் என்னைச் சரியா எடுத்திருக்கான். முன்னால நிக்கறானே இந்த மங்கல் ஆள், இவன் யாரு? அடுத்த தடவை இவனை நிறுத்தாதீங்க.”

சுற்றி நின்ற அதிகாரிகள் கைதட்டினார்கள்.

குழு அன்றே கூடி, இடர்ப்பாடு முற்றிலும் தீர்க்கப்பட்டதாக இறுதி அறிக்கை எழுதியது. இனி எல்லா நிகழ்ச்சிகளுக்கும் கட்-அவுட் கொண்டு செல்லப்பட வேண்டும், அதைப் பிடித்து நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பீம்ராவ் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓகே என்பதற்கு மேல் ஏதோ எழுதிக் கொடுத்தான்: ‘கட்-அவுட்டைச் சேர்மன் நிற்கும் அதே இடத்தில், அதே கோணத்தில் பிடிக்க வேண்டியிருப்பதால், சேர்மன் இடத்தில் நின்று முன்னனுபவம் உள்ளவரே தகுதியானவர். அத்தகையவர் வாரியத்தில் ஒருவரே உள்ளார்.’

கருணாகரன் அதை மூன்று முறை படித்தார். தவறு எதுவும் அகப்படவில்லை. அவளை நீக்கிய ஆணையை ரத்து செய்தால் தவறு நடந்தது என்றாகிவிடும். ஆகவே அந்த ஆணை அப்படியே இருந்தது. பழைய வேலையிலிருந்து நீக்கப்பட்ட குணசுந்தரி, அடுத்த நாள் ‘உருவப்பலகை ஏந்துநர்’ என்று புதிதாகச் சேர்க்கப்பட்டாள். பெருக்க வேறு ஆள் போடவில்லை, அதையும் அவளே செய்தாள்.

அடுத்த வாரம் எர்ணாவூரில் ஒரு நடைபாதைத் திறப்பு. கட்-அவுட் நடுவில் நின்றது. அதற்குப் பக்கத்தில், சற்றுத் தள்ளி, சேர்மன் நின்றார். பலகையின் இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. பீம்ராவ் கேமராவைக் கண்ணில் வைத்தான். கட்டம் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஃப்ளெக்ஸின் கண்ணில் போய் உட்கார்ந்து பச்சையானது.

பலகைக்குப் பின்னாலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

“தம்பி, நான் தெரியறனா?”

பீம்ராவ் ஒரு தடவை நன்றாகப் பார்த்தான். அந்த விரல்களும் மங்கலாகத்தான் இருந்தன.

“இல்லக்கா.”

“அப்ப வேலை கீது,” என்றது கட்-அவுட்.